பத்து இடுப்புப் பட்டிகள்

நளீரா பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு விழுந்தது, இருமல் மருந்து விழுந்தது, பட்டி மட்டும் விழவில்லை. அதைப் பதுளையில் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்தெடுக்கும் பெண்கள் நாற்பது பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரே நாற்காலி. அதில் பேராசிரியர் வீரசிங்கம்.

நளீராவும் தோழி ஸவாஹிராவும் தொழில்வழிச் சிகிச்சையில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள். யாரை ஆராய்ந்தார்களோ அவர்கள் முன்னாலேயே முடிவைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் கையெழுத்து. அது பேராசிரியரின் சட்டம். ஸவாஹிரா காலையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டாள்.

நளீராவின் ஆய்வு சிக்கலானதல்ல. கூடைக் கயிறு தலையில் தொங்குவதால் கழுத்து வலிக்கிறது. பாரத்தை இடுப்புக்கு இறக்க, வாப்பாவின் கடைத் துணியில் பட்டி தைத்தாள். நம்பர் போட்டுப் பத்துப் பேருக்குக் கொடுத்தாள். மூன்று மாதம் தினமும் மலையேறிப் போய், அந்தப் பத்துப் பேரையும் அரை மணி நேரம் மரத்தடியில் உட்காரவைத்து வலியைக் கேட்டு எழுதினாள். வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பதால் அதற்குத் தோட்டத்துத் துரையிடம் தனிக் கடிதம் வாங்கியிருந்தாள். பட்டி இல்லாத வேறு பத்துப் பேரை மாதம் ஒரு தடவை நிற்கவைத்துக் கேட்டதோடு சரி.

"ராசம்மாக்கிட்ட ஒண்டு இருக்கும்தானே, கொண்டு வரச் சொல்லேன்" என்று ஸவாஹிரா காதைக் கடித்தாள்.

"இந்தா எடுத்தாறேங்க" என்று பட்டி வாங்கிய பத்துப் பேரில் ஒருத்தியான ராசம்மா லயத்து வீட்டுக்கு ஓடினாள். பட்டியோடு திரும்பி வந்தாள். பட்டியின் மறுமுனையில் ஆடு வந்தது.

"முடிச்சு இறுகிப் போச்சுங்க. அவுக்க வரல."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆடு நாற்காலியை நெருங்கிப் பேராசிரியரின் குறிப்புப் புத்தகத்தை முகர்ந்தது.

"நல்ல பட்டி யார்ட்டயும் இல்லையா?" என்று நளீரா கேட்டாள்.

"எங்கிட்ட புதுசு மாதிரியே இருக்குங்க!" கருப்பம்மா மடியிலிருந்து எடுத்தாள். நான்காக மடித்து, கற்பூரம் வைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. "இம்புட்டு நல்ல துணிய மலையில கட்டுனா கறை ஏறிருமேங்க. நீங்க வர்றப்ப மட்டுந்தான் கட்டுவேன்."

"நான் வர்றப்ப மட்டுமா?"

"எல்லாருந்தாங்க" என்றாள் ராசம்மா, ஆட்டைப் பிடித்து இழுத்தபடி.

நளீரா களத்தைச் சுற்றிப் பார்த்தாள். கடைசியாக ஒரு ஆள் இருந்தார். கொழுந்தெடுப்பை மேற்பார்க்கிற, கண்டிப்புக்குப் பேர் போன அழகர் கங்காணி.

"கங்காணி ஐயா, நீங்க சொல்லுங்க. தினமும் கட்டித்தானே வேலை செஞ்சாங்க?"

"ஆமாங்க, தெனமும்!" என்று கங்காணி விறைப்பாக எழுந்து நின்றார். கோட்டு விலகியது. காற்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஏழாம் நம்பர் பட்டி.

களம் அதிரச் சிரிப்பு எழுந்தது.

"நீ ஊதுற விசிலையும் சொல்லேன்யா!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள்.

கங்காணி தலையைச் சொறிந்தார். "நீங்க மலையேறுறது தெரிஞ்சா விசிலு ஊதுவேனுங்க. ஒடனே கட்டிக்குவாளுக. புள்ள ஆசையாத் தச்சது, மனசு நோகக் கூடாதுல்ல?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப, ஒருத்தரும் பட்டி கட்டேல்ல."

"இல்லை, சேர்."

"ஆனா பட்டி குடுத்த பத்துப் பேருக்கும் வலி குறைஞ்சிருக்கு. குடுக்காத பத்துப் பேருக்குக் குறையேல்ல." களத்துச் சுவரில் நளீரா மாட்டியிருந்த வலிக் கணக்கு வரைபடத்தைக் காட்டினார். "இது என்ன?"

மூன்று வருடப் படிப்பு அந்தத் தாளில் தொங்கியது. நளீரா பெண்கள் பக்கம் திரும்பினாள். 

"வலி குறைஞ்சிட்டு எண்டு சொன்னதும் என்ட மனசு நோகாம இருக்கத்தானா?"

கருப்பம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுல பொய் சொல்லுவமாங்க? மாரியாத்தா மேல சத்தியமா கொறஞ்சிச்சு. ராத்திரி நல்லாத் தூங்குறேன்."

"எனக்குந்தாங்க" என்றாள் ராசம்மா. மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

"பட்டியே கட்டாம எப்பிடிக் குறையும்?"

 கங்காணி வானத்தைப் பார்த்தார். பேராசிரியர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் நளீராவுக்குக் கதவு சாத்துவது போலக் கேட்டது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பட்டி கிடைக்காத பத்துப் பேரில் ஒருத்தியான ரெங்கம்மா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள்.

"எங்களுக்குப் பெல்ட்டெல்லாம் வேணாம் தாயி. அவளுகள மரத்தடியில தெனமும் அரை மணி நேரம் உக்கார வச்சீங்களே, எங்கள எப்ப உக்கார வைப்பீங்க?"