மண் சேட்டனின் ஒரு சிட்டிகை

மட்டாஞ்சேரியில் மண் சேட்டனைவிடப் பயந்த மனிதர் இதுவரை பிறந்ததில்லை. பஸ் பாலத்தின் மேல் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். அமில பாட்டில்கள் இருக்கும் அலமாரிக்கு முதுகைக் காட்டவே மாட்டார்.

ஒரு வாசனை எண்ணெய்க் கம்பெனியின் சின்ன ஆய்வகத்தில் அவரும் நானும்தான் கெமிஸ்டுகள். கந்தக அமிலத்துக்குப் பயந்தே அவர் களிமண்ணுக்கு மாறினார். அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, காயவைத்த களிமண் பொடி அந்த அமிலத்தின் வேலையைச் செய்துவிடும். முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம். பைன் மர எண்ணெயான டர்பென்டைனில் இதைப் போட்டுத்தான் கற்பூரத்துக்கான மூலப்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மண் சேட்டன் ஆனது இப்படித்தான்.

அந்தப் பொடிக்கும் பயந்தார். ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வெளியே போய் நூறு வரை எண்ணுவார். தெர்மாமீட்டர் ஏறவில்லை என்றால் அடுத்த சிட்டிகை. ஒரு குடுவைக்கு அரை நாள் ஆகும்.

"இது வெறும் மண்ணுதானே சேட்டா?" என்று கேட்பேன்.

"மண்ணுதான் சாந்தி. அதுக்கும் சூடு கேறும். கொஞ்சம் பேடி வேணும்." அவர் பேச்சில் பாதி மலையாளம்; கேறும் என்றால் ஏறும், பேடி என்றால் பயம்.

ஒருநாள் அவர் பார்சல் வாங்க கேட்டுக்குப் போயிருந்தார். என் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். அவசரத்தில், அடுப்பிலிருந்து எடுத்த உலர்ந்த பொடி முழுவதையும் குடுவையில் கொட்டிவிட்டேன்.

தெர்மாமீட்டர் கண்ணெதிரே ஏறியது. எண்ணெய் கொதித்துப் பொங்கியது. ஆவியில் ஒரு பொறி பட்டால் ஆய்வகமே எரிந்துவிடும். ஓடத் தெரியாமல் நின்றேன். செத்தோம் என்றே நினைத்தேன்.

உள்ளே வந்தவர் ஒரு கணம்தான் பார்த்தார். தோளைப் பிடித்து என்னை வெளியே தள்ளினார். "போ, திரும்பி வராதே." கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூலையில் இருந்த ஐஸ் தொட்டியைத் தூக்கி வந்து, குடுவையை அதில் அமிழ்த்தி, இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை நூறு எண்ணினாரோ, கொதிப்பு அடங்கியது.

வெளியே வந்தவரிடம், "சேட்டனுக்குப் பேடி வரலியா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"வந்துச்சு. நீ உள்ள நின்னது அதவிடப் பேடியா இருந்துச்சு."

எதிர்க்கடையில் சாயா சொன்னோம். கை நடுக்கத்தில் அவரால் கிளாசைப் பிடிக்க முடியவில்லை. குடித்து முடிக்கும் வரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.