சிமியோன் வீட்டுக் கப்பல்

மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வதன் விலை எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபா. அது கனிசியஸ் போட்ட அடக்க விலை. கடையில் வாங்குகிறவனுக்குப் பதினோராயிரம்; கொஞ்சம் கதைக்கத் தெரிந்தவனுக்குப் பத்து. அந்த விலைக்குரிய ரிமோட் கப்பலை அவன் வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டு, கழுத்தையும் சற்றே குனிந்து கொடுத்தபடி காத்திருந்தான்.

நாலரை வயது நிவேதனா பெட்டியைப் பிரித்தாள். கப்பலை எடுத்து நிலத்தில் வைத்தாள். கப்பல் ஆடாமல் இருக்க உள்ளே அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோமை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பா, இது எனக்கோ?"

"எல்லாம் உனக்குத்தானம்மா. கப்பலைப் பாரன். முன்னுக்குச் சிவப்பு விளக்கு எரியும்."

"கப்பலை நீங்கள் வைச்சிருங்கோ. நான் இதைச் சிமியோன் மாமா வீட்டை கொண்டுபோறன்."

போய்விட்டாள். பெட்டி மட்டையையும் விடவில்லை.

கனிசியஸ் ரிமோட்டும் கையுமாக நின்றான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவன். எந்தப் பிள்ளை எதற்கு அழும், எந்த அழுகைக்கு எந்தத் தகப்பன் மடங்குவான் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. குருநகரில் உருளுகிற பந்தில் பாதி அவன் கடைப் பந்து. சொந்தப் பிள்ளையிடம் மட்டும் சரக்கு விலைப்படவில்லை.

"கண்டியே, தயா? சாமானை விட்டிட்டுப் பெட்டியோடை போறாள்."

மனைவி தயாளினி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். பெருவிரலில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது.

"பிள்ளையள் அப்பிடித்தான். பெட்டியிலை நூறு விளையாட்டு விளையாடலாம். கப்பலிலை கப்பல் விளையாட்டு மட்டும்தானே."

"உப்பிடிக் கதைக்காதை. என்ரை பிள்ளை குப்பையிலை விளையாடுது எண்டால் எவன் என்ரை கடைப்படி மிதிப்பான்? அதுக்குத்தான் போன வருசமே சொன்னனான், இந்த வீட்டுக்குள்ளை ஒரு யோகட் கப் கிடக்கக் கூடாது எண்டு."

"ஓம். கிடக்கேல்லைத்தானே," என்றாள் தயாளினி.

தகர வேலியில் ஓர் ஆணி கழன்ற இடம் இருந்தது. கனிசியஸ் அதில் கண்ணை வைத்தான்.

அடுத்த வீட்டுச் சிமியோனின் வளவில் யோகட் கப் ரெயில் ஒன்று பழைய இறப்பர் செருப்பில் வெட்டிய சில்லுகளில் ஓடியது. சிரட்டை ஆமை ஒன்று நூலை இழுத்தால் தலையை நீட்டியது. நிவேதனா கொண்டுபோன ரெஜிபோமுக்கு முன்னால் குந்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சிமியோனின் மகள் தாரிகா. இருவரும் சிரித்த சிரிப்பை கனிசியஸ் தன் கடையில் ஒருநாளும் கேட்டதில்லை. சிமியோன் மாமரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. கடலுக்குப் போய் வந்த அலுப்பு.

'அரை நித்திரையிலை இவ்வளவு செய்யிறான் எண்டால், உவன் முழுக்க முழிச்சிருந்தால் என்ரை கடையைப் பூட்டிப்போடுவான்' என்று கனிசியஸ் நினைத்தான். சிமியோனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அப்போதெல்லாம் சிமியோனுக்கு நேராக ஒரு கோடு கீறத் தெரியாது.

இரவு சாப்பாட்டில் மகளுக்குச் சோறு குழைத்துக்கொண்டே கேட்டான்.

"சிமியோன் மாமா வீட்டை அப்பிடி என்னதான் பிள்ளை இருக்கு?"

"ரெயில் இருக்கு. ஆமை இருக்கு. நேற்று யானை வந்தது."

"எங்கடை கடையிலையும் யானை இருக்கே. பற்றரி போட்டால் பிளிறும்."

"அது தானாப் பிளிறும் அப்பா. இதுக்கு நாங்கள் எல்லோ பிளிற வேணும்."

நிவேதனா பிளிறிக் காட்டினாள். சோறு சட்டையெல்லாம் சிந்தியது. தயாளினி குனிந்து பொறுக்கினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கனிசியஸ் பார்த்தான். இல்லை, சிரிப்பு. தன் வீட்டிலேயே சிமியோனுக்கு இரண்டு வாடிக்கைக்காரர்.

போட்டிக் கடையை விலையால் மடக்க முடியாவிட்டால் சரக்கு வரும் வழியை மறிக்க வேண்டும். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அதை ஒருவர் சொல்லித்தரத் தேவையில்லை. மறுநாளே அவன் கூல் பாருக்குப் போய் வெறும் ஐஸ்கிறீம் கப் முழுக்கத் தனக்கு என்றான். மீன் சந்தையில் உடைந்த ரெஜிபோம் பெட்டிகளைக் கேட்டான். தையற்கடையில் நூல் கட்டை. பழைய போத்தல் எடுக்கிறவனிடம் அறுந்த செருப்பு.

"எதுக்கு முதலாளி?" என்று கேட்டான் கூல் பார்க்காரன்.

"சும்மாதான்."

சும்மா என்று ஒரு வியாபாரி சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்பது யாழ்ப்பாணத்தில் எல்லா வியாபாரிக்கும் தெரியும். காலையில் குப்பை வாளிக்குள் கிடந்த கப்புக்கு மத்தியானம் விலை வந்தது. பின்னேரம் அந்த விலையும் ஏறியது.

மூட்டைகள் வீட்டு விறாந்தையை அடைத்தன. தயாளினி மலைத்துப்போய் நின்றாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு உதிலை விருப்பமே? முதலே சொல்லியிருந்தால்..."

"எனக்கோ? குப்பையிலையோ? உனக்கென்ன விசரே?" கனிசியஸ் துள்ளினான். "ஊர் துப்புரவாய் இருக்கட்டும் எண்டுதான். நாளைக்கு ஏத்தி அனுப்பிப்போடுவன்."

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

ஏற்ற வேண்டிய தேவை வரவில்லை. அடுத்த நாள் இரவு அவன் கடையடைத்து வந்தபோது விறாந்தை வெறுமையாகக் கிடந்தது.

"சாக்கெல்லாம் எங்கை?"

"சிமியோன் மாமா வீட்டை!" நிவேதனா குதித்தாள். "அப்பா வாங்கித் தந்தவர் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். இப்ப ரெயில் கிணத்தடி மட்டும் போகுது."

ஆணி கழன்ற இடத்தால் பார்த்தான். உண்மைதான். கிணற்றைச் சுற்றி ஒரு வளைவும் எடுத்திருந்தது.

இனித் தானே செய்வது என்று முடிவெடுத்தான். சிமியோனின் கைக்கு முடிந்தது தன் கைக்கு முடியாதா? கடைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்துவைத்து, சிரட்டையும் மட்டையும் பசையுமாக ஓர் ஆமை தொடங்கினான். பாதியில் ஆட்காட்டி விரல் பெருவிரலோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வந்த கோப்பாய்க்காரர் ஒருவர் அதை ஏதோ விலைச் சைகை என்று எடுத்து, பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அது.

ஆமையை மகளுக்குக் காட்டினான்.

"சொல்லு பாப்பம், இது என்ன?"

நிவேதனா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகப்பனின் மனம் நோகக் கூடாது என்று அவளுக்கும் இருந்திருக்க வேண்டும்.

"தோசையோ அப்பா?"

அன்று இரவே ஆமை அடுப்புக்குள் போயிற்று.

அந்தக் கிழமைதான் முன்பள்ளி ஜெயகௌரி ரீச்சர் அறிவித்தல் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் எறிகிற சாமான்களில் தாய் தகப்பன் செய்துகொடுத்த ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. கடைசி வரியைத் தனக்காகவே எழுதியதாக கனிசியஸ் எடுத்துக்கொண்டான்.

போதாததற்கு, சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று போன் வந்து தயாளினி அவசரமாக வெளிக்கிட்டாள்.

"ரீச்சர் கேட்டதுக்கு ஓடித் திரியாதேங்கோ. வியாழக்கிழமை வந்திடுவன், வந்து நான் பாக்கிறன்."

வியாழன் வந்தது, தங்கச்சியின் பிள்ளை வரவில்லை. தயாளினியும் வரவில்லை.

நிவேதனா தகப்பனின் மடியில் ஏறினாள். "அப்பா, நீங்கள் எனக்கு ஒரு கப்பல் செய்வியளோ? நீங்களே?"

மாதக்கணக்கில் அவள் தானாக ஏறி இருந்த முதல் மடி அது. "ஓம்" என்று சொல்லிவிட்டான்.

பிள்ளை உறங்கியதும் வேலியால் மெல்லக் கூப்பிட்டான்.

"மச்சான் சிமியோன், ஒரு உதவி. நாளைக்குக் காலமை எனக்கு ஒரு கப்பல் செய்து தா. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

சிமியோன் தலையைச் சொறிந்தான். "நாளைக்கோ? இந்தக் கிழமை வேண்டாம் மச்சான். வாற கிழமை எண்டால் முதல் தரமாய் வரும்."

பேரம் தொடங்கிவிட்டது என்று கனிசியஸ் நினைத்தான். "எவ்வளவு வேணும்?"

"காசில்லையடா. நான் சொல்லுறதைக் கேள், என்னாலை..."

"சரி, காசு வேண்டாம். ரிமோட் கப்பல். விளக்கு எரியும். உன்ரை தாரிகாவுக்கு."

சிமியோனின் வாய் நின்றது. தாரிகாவுக்கு அது விருப்பமோ தெரியாது. ரிமோட்டை வாங்கி அமத்திப் பார்த்த சிமியோனுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"சரி," என்றான், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே. "ஒரு கை பாப்பம்."

விடியக் காத்தால் வேலிக்கு மேலால் கப்பல் வந்தது. கனிசியஸ் அசந்துபோனான். ரெஜிபோமும் இல்லை, செருப்பும் இல்லை. பழைய வள்ளப் பலகையில் அடிப்பாகம், மீன் ரின்னில் இயந்திர அறை, இரும்புக் கம்பியில் கொடிமரம். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு வரிசையாக இரண்டு பக்கமும்.

"என்ன பாரமடா!"

"கப்பல் எண்டால் பாரமாத்தான் இருக்கும்," என்றான் சிமியோன். "காத்துக்குப் பிரளாது."

முன்பள்ளி முற்றத்தில் பெரிய நீலப் பேசின் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகளின் மட்டை வீடுகளுக்கும் போத்தல் பூக்களுக்கும் நடுவே கனிசியஸின் கப்பல் துறைமுகத்தையே கேட்பதுபோல நின்றது.

"ரீச்சர்! இது என்ரை அப்பா செய்தது! என்ரை அப்பாவே செய்தது!" என்று நிவேதனா கத்தினாள். பிறகு ஓடிவந்து தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கனிசியஸுக்குக் கண் கலங்கியது. பின்வரிசையில் நின்ற சிமியோன் வானத்தைப் பார்த்தான்.

"நிவேதனாவின்ரை அப்பா, எங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன், எப்பிடிச் செய்தனீங்கள்?" என்றார் ஜெயகௌரி ரீச்சர்.

கடைக்காரனிடம் சரக்கைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவனால் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? இராப்பகலாய் இருந்த கதையைச் சொன்னான். பலகை தேர்ந்த விதத்தைச் சொன்னான். பழக்கதோசத்தில் ஆறு மாத உத்தரவாதமும் கொடுத்தான்.

"காத்துக்குப் பிரளாது. பாருங்கோவன்," என்று தண்ணீரில் விட்டான்.

கப்பல் பிரளவில்லை. நிமிர்ந்தபடியே, கொடி ஆடாமல், நேராகக் கீழே போயிற்று. அடியில் தட்டிய சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. இரண்டு குமிழ் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நிவேதனா பேசினை எட்டிப் பார்த்தாள். அவள் கை தகப்பனின் கழுத்திலிருந்து கழன்றது.

அந்த நேரம் சாவகச்சேரி பஸ்ஸால் இறங்கிய தயாளினி பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

கனிசியஸுக்கு முதலில் வெட்கம் வந்தது. அடுத்த கணம், அதற்கும் மேலாக ஒரு சந்தோசம் வந்தது. தண்ணீருக்குள் தாண்டது யாருடைய கப்பல்?

"எல்லாரும் கேளுங்கோ!" என்றான். "மறைக்க என்ன கிடக்கு? இது நான் செய்யேல்லை. சிமியோன் செய்தது! ஊரெல்லாம் தூக்கிப் பிடிக்கிற சிமியோன்! தயா, நீயும் வடிவாப் பார். பிள்ளை, பாத்தியோ, உன்ரை சிமியோன் மாமாவின்ரை கைவேலையை?"

தயாளினி பெருவிரலை முந்தானைக்குள் ஒளித்தாள். சிமியோன் இன்னும் வானத்தைப் பார்த்தான். பேசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஐந்து வயதுத் தாரிகா மட்டும் நிமிர்ந்து, விரல்களை விரித்து எண்ணத் தொடங்கினாள்.

"ஐயோ மாமா, எங்கடை அப்பாவுக்குக் கப்பல் ஓட மட்டும்தான் தெரியும், ரெயில், ஆமை, யானை எல்லாம் தயாளினி மாமி எல்லோ எங்கடை வளவிலை வந்திருந்து செய்யிறவ, உங்கடை வீட்டுக்குள்ளை குப்பை கிடந்தால் நீங்கள் ஏசுவியளாம் எண்டு, மாமி செய்தது கைவிரல் முடிஞ்சு கால்விரலிலையும் ரெண்டு, அப்பா செய்தது ஒண்டு, அது தாண்டு போச்சு, உங்கடைதான் மாமா இன்னும் ஒண்டும் வரேல்லை."