நின்றால் குளிரும், ஓடினால் கொதிக்கும்

கஹவத்தை,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் இராமசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை விஜயகலாவின் புருஷன் கிருஷ்ணகுமார் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. கேகாலையில் நீங்களும் அக்காவும் நல்ல சுகத்தோடு இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நான், விஜயகலா, மகள் சுமித்ரா மூவரும் சுகம். நீங்கள் எனக்கு விற்ற வேனுக்கு மட்டும் காய்ச்சல். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் வேன் என்று நான் வாயெடுத்தாலே உங்கள் பக்கத்தில் சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதையும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

வேனின் நோய் இதுதான். நிற்கும்போது பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். ரோட்டில் கொஞ்சம் வேகமாக ஓடினால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். கஹவத்தை டவுனில் கராஜ் வைத்திருக்கும் சாலியிடம் கொண்டுபோனேன். அவர் பொனட்டைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை பார்த்தார். முள் நடுவிலேயே நின்றது. "அண்ணே, வண்டிக்கு ஒன்னுமில்ல. நீங்க ஒரு தடவ பிரஷர் பாத்துக்கங்க" என்றார். இருந்தாலும் என் மனத் திருப்திக்காக ரேடியேட்டர் மூடியை மாற்றினார். தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார். வீட்டுக்கு வரும் வழியிலேயே மறுபடி கொதித்தது. பெல்மதுளையில் ஒரு மெக்கானிக் பாஸிடம் காட்டினேன். அவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "மொகுத் நே மாத்தயா", ஒன்றுமில்லை ஐயா என்று சிங்களத்தில் கையை விரித்தார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அந்த ஜாதி உங்கள் வேன்.

இந்த நிலையில்தான் சுமித்ராவுக்கு விஞ்ஞான ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று இரத்தினபுரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பட்டம் முடித்துவிட்டு எத்தனை காலம் வீட்டில் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். "பஸ்ஸில போவோம்" என்றாள் விஜயகலா. நான்தான், "டீச்சராகப் போற தோட்டத்துப் புள்ள பஸ்ஸில நசுங்கிப் போய் நிக்கணுமா? நம்ம வண்டியில போய் எறங்கட்டும்" என்றேன். பிள்ளைமேல் உள்ள ஆசையில் சொன்னது மச்சான், வேறொன்றுமில்லை.

பெல்மதுளை தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. அவசரத்துக்கு ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும் என்று சாலி சொல்லியிருந்தார், போட்டேன். வந்தது. எல்லாமே வந்தது. சுமித்ராவின் கஞ்சி போட்டு மடித்த சேலை நனைந்து ஒட்டிக்கொண்டது. விஜயகலா தன் முந்தானையால் மகளுக்கு விசிறினாள், நடுநடுவே என்னை முறைத்தாள். நாங்கள் ஏறாமல் விட்ட பஸ் எங்களை முந்திப்போனது. அடுத்த ஏற்றத்தில் முன்பக்கமெல்லாம் ஆவி. ஓரங்கட்டினேன். ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனவனை, "கை வெந்துரும்!" என்று விஜயகலா இழுத்துவிட்டாள். சுமித்ரா பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றாள். கை நீட்டிப் பார்த்தாள், ஒரு வாகனமும் நிற்கவில்லை. அவள் அழுவது தெரியாமலிருக்க ரப்பர் மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சூடு ஆறியதும் பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, பொனட்டை மூடாமல் ஸ்டார்ட் பண்ணினேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை, "எங்கண்ணன் நல்ல வண்டிதான் குடுத்தாரு. ஓட்டத் தெரியாதவங்க கையில குடுத்ததுதான் தப்பு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை என்ன செய்ய முடியும்? ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன்.

"அய்யய்யோ! இங்க வந்து பாருங்க, இந்தக் குழா சப்பையா போகுது!" என்று பொனட் பக்கம் நின்ற விஜயகலா கத்தினாள்.

காலை எடுத்தேன்.

"இப்ப உப்பிருச்சு! இன்னொருக்கா கோவப்படுங்க!"

மறுபடி மிதித்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் திரும்பவும் ஒட்டிப்போனதாம். சுமித்ரா ஓடிவந்து குனிந்து பார்த்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள். "அப்பா, எஞ்சின் வேகமா சுத்துனா பம்ப் தண்ணிய இழுக்குது. குழா மெத்துன்னு ஆயிட்டதால சப்பையாயிருது. அப்புறம் தண்ணி எங்க போகும்? கராஜ்ல எல்லாரும் வண்டிய சும்மா நிக்கவச்சுத்தானே பாத்தாங்க!"

"அப்ப என்னம்மா செய்யிறது?"

"கோவப்படாம ஓட்டணும். நீங்க பின்னுக்குப் போங்க."

அவளே ஓட்டினாள். எஞ்சினுக்கு வலிக்காமல், பூ மாதிரி மிதித்து, த்ரீவீலெல்லாம் முந்திப்போக, முள் நடுவிலேயே நிற்க, இரத்தினபுரி போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் முடித்துப் போய்விட்டார்கள், இவள்தான் கடைசி. ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரு மேடம் சிங்களத்தில் அதட்டிக் கேட்டாராம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? மேடத்தின் மேசையில் ஸ்ட்ரோ குத்தி வைத்திருந்த பால் பாக்கெட்டைக் காட்டி, "மேடம், அந்த ஸ்ட்ரோவால கொஞ்சம் வேகமா உறிஞ்சிப் பாருங்க" என்று சிங்களத்திலேயே சொன்னாளாம். இப்போது வருவதெல்லாம் காகித ஸ்ட்ரோதானே, ஊறிப்போயிருந்தது, மேடம் உறிஞ்சியதும் சப்பையாகிவிட்டது. "அதுதான் எங்க வேனுக்கும் நடந்திச்சு" என்று முழுவதையும் விளக்கினாளாம். சிரித்துவிட்டு, மேற்கொண்டு கேள்வி கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை.

குழாயைச் சாலி மாற்றிவிட்டார். பழையதற்குள் இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்துத் தூளாகக் கொட்டியது. ஆனாலும் மச்சான், எனக்கு இந்த வேன் வேண்டாம். ஓட்டும்போது கண் ரோட்டில் இல்லை, முள்ளில்தான் இருக்கிறது. இராத்திரி கொசு சத்தம் கேட்டால்கூட ஆவி அடிக்கிறதோ என்று எழும்பிவிடுகிறேன். ஆகவே தயவுசெய்து வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் வேனை நீங்களே திரும்பக் கொண்டுபோக வேண்டும். இது என் முடிவான முடிவு.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் நோய்நொடியின்றி எல்லாம் நிறைவாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மறவாத,
கிருஷ்ணகுமார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. சுமித்ராவுக்கு வேலை கிடைத்துவிட்டது! பாடசாலை கேகாலையில், உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தானாம். விஜயகலா சமையலறைக்கும் வாசலுக்குமாக அழுதுகொண்டே நடக்கிறாள். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், பிள்ளைக்கு ஓர் அறை ஒதுக்கித் தரும்படி இருவரும் கேட்டுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம், நாங்களே வருகிறோம். சுமித்ரா ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து வருவேன். வேனை மட்டும் கேட்காதீர்கள் மச்சான். அது இப்போது டீச்சருடைய வேன்.