தரையில் உட்கார்ந்து பார்க்காத மானிட்டர்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி நாற்பது வீடியோ பார்க்கிறவர்கள்தான் கடைசியில் மகா தப்பான பொருளை வாங்குவார்கள். ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. நாற்பதையும் பார்த்தவள் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அம்பத்தூரில் அலுவலகம், ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு, மனசு முழுக்கத் துப்பாக்கிச் சண்டை கேமில். லேப்டாப் திரையில் எதிரி எறும்பு அளவுக்குத்தான் வருவான். நான் அவனைக் கண்டுபிடிப்பதற்குள் என்னைச் சுட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அதனால் இருபத்தேழு இன்ச்சில் ஒரு மானிட்டர், பக்கத்தில் லேப்டாப். பெரியதில் சண்டை, சின்னதில் நண்பர்களோடு அரட்டை என்று திட்டம். நினைத்தாலே கை பரபரத்தது. வினாடிக்கு இருநூற்று நாற்பது முறை படம் மாறும் மானிட்டராகப் பார்த்து வைத்தேன். (அறுபதுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.)

என் பட்ஜெட்டில் அந்த வேகம் டிஎன் பேனல் என்கிற மலிவு ரகத் திரையில்தான் கிடைத்தது. நேராகப் பார்த்தால் அருமை, கீழிருந்து பார்த்தால் திரை கறுத்துவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். மானிட்டரை எவன் கீழே உட்கார்ந்து பார்க்கப் போகிறான் என்று அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிட்டேன்.

தடையாக இருந்தவர் அப்பா. தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. வீட்டுக்கு வரும் தக்காளியைக்கூட உருட்டிப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரிப்பார். ஹாலில் இடத்தை அடைக்கிற சாமான் எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்குப் பாட்டு வரிகளை அதில் போடலாம், பெரியவர்கள் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்க வேண்டாம் என்று அடித்துவிட்டேன். (ஆண்டவர் மன்னித்திருப்பார். அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.)

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாருக்கும் தெரியணும்மா. தெரியலைன்னா மறுநாளே டப்பாவோட திருப்பி அனுப்பிடணும்."

பெட்டி வந்ததும் அதைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு நாள் நான் சுட்டதில் ஒருவனும் தப்பவில்லை. அப்பாவோ பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்ததில், வெள்ளிக்கிழமை சேக்காட்டிலிருந்துகூட ஆட்கள் வந்துவிட்டார்கள். பாஸ்டருக்கு மட்டும் வழக்கம்போல் நாற்காலி. மற்றவர்கள் எல்லாரும் ஜமுக்காளத்தில். பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று மேஜைமேல் ஸ்டூல் போட்டு, அதன்மேல் மானிட்டரை ஏற்றினேன். தெரிந்த பாட்டைப் போட்டால் மானிட்டருக்கு என்ன மரியாதை? யாரும் கேட்டிராத புதுப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மெட்டை ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு, "இப்போ எல்லாரும் சேர்ந்து" என்றேன்.

நின்றுகொண்டிருந்த நான் பாடினேன். நாற்காலியில் இருந்த பாஸ்டர் பாடினார். ஜமுக்காளத்திலிருந்து சத்தமே இல்லை. முப்பது பேர் கண்ணைச் சுருக்கி, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் உரக்கப் பாடினேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். அடுத்தவரும் துடைத்தார். பிறகு வரிசையாக எல்லாரும் துடைத்தார்கள்.

"தெரியுதா ஆன்ட்டி?" என்றேன்.

"நல்லா தெரியுதும்மா" என்றார் ஆன்ட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

பாஸ்டரும் பார்த்துப் பாடுகிறார், நானும் பார்த்துப் பாடுகிறேன். நம் கண்தான் போய்விட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவுகட்டி, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தார்கள். இது தெரியாத எனக்கோ எரிச்சல். எவ்வளவு சுலபம் என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிமிர்ந்தேன்.

திரை முழுக்கக் கன்னங்கரேல். அதில் வரி இருந்ததற்கான அடையாளமே இல்லை.

பாஸ்டர் மட்டும் கண்ணீர் மல்க மூன்றாவது சரணத்தில் இருந்தார். அப்பா என் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு சுகர் கண்ணுக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன்மா."

அன்று எல்லாரும் எழுந்து நின்றே பாடினார்கள். மூட்டுவலிக்காரர்களும் நின்றார்கள். ஆறு சரணம்.

கூட்டம் கலைந்ததும் அப்பா பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். "ரிஜெக்ட்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் ஆச்சரியம். "வேற ஒண்ணு வாங்குவோம். நானும் வர்றேன்." நின்று பாடியபோது எழுத்து அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததாம், அதை விட மனசில்லையாம்.

பூந்தமல்லியில் ஒரு கடை. நான் வேகம், ரெசல்யூஷன் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கைக்குட்டையை விரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் ஓடிவந்து, "அண்ணாத்தே, மயக்கமாவா கீது? சோடா வாங்கியாரட்டா?" என்றார். அப்பா ஒவ்வொரு மானிட்டர் முன்பும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். ஆறு ரிஜெக்ட். ஏழாவதாக ஒரு ஐபிஎஸ் பேனல், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. வேகம் நூற்று நாற்பத்துநாலுதான். அப்பா பாஸ் போட்டார். (நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். மொத்தக் கடையும் எங்களைப் பார்த்தது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் பேன்ட் எடுத்தாலும் ஒரே கேள்விதான். மாங்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சோபாவில் இருக்க, பெண்ணுக்குச் சம்மதமா என்று பாஸ்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார்.

"அவசரப்படாதம்மா. தரையில உக்காந்து பார்த்துட்டியா?"

எங்கள் பக்கம் ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிர்வுக்காகவே நான் பாஸ் போட்டுவிட்டேன்.