வானத்தைச் சூடேற்றிய கட்டடம்

இந்தக் கதையில் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் குழாய்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். குழாயில் சிரிப்பு கிடையாது.

மன்ஹாட்டனில் எங்கள் கட்டடத்துக்குத் தெருவுக்கடியில் குழாய் வழியாக நீராவி வருகிறது. ஆற்றோர ஆலையில் எரிவாயுவை எரித்துக் கொதிக்கவைத்து அனுப்புகிறார்கள். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களின் வால்வுகளோ திருகினாலும் அசைவதில்லை; சூட்டைக் குறைக்க வழியே இல்லை. ஆகவே ஜனவரிப் பனியில் ஜன்னலைத் திறந்துபோட்டு, பனியனோடு உட்கார்ந்து சூப் குடிப்போம். அம்மா இரண்டு குளிர்காலமாகப் புது வால்வு கேட்கிறாள். குடியிருப்போர் சங்கத் தலைவி திருமதி டோப்கினிடம் ஒரே பதில்தான்: "நம்ம கட்டடத்துல புகைபோக்கியே இல்ல. நாம பசுமைக் கட்டடம். வால்வு எதுக்கு?"

குரல் மாறட்டும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் போன் செய்தேன்.

"அம்மணி, மாநகர வெளிப்புற வெப்பமூட்டல் ஊக்குவிப்புத் துறையின் பொறுப்புத் துணை இணை அதிகாரி பேசுறேன். நீங்க வானத்தையே சூடேத்துறதா எங்க கவனத்துக்கு வந்திருக்கு."

"ஐயோ, அபராதமா?"

"விருது! ஆனா எல்லா ஜன்னலும் சரியா பதினோரு அங்குலம் திறந்திருக்கணும்."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. தலைவி அளவுகோலோடு வீடுவீடாக ஏறினார். ஏழாம் மாடி ருஃபினோ கத்தினார்: "பதினொண்ணா? நான் பதினெட்டு வெச்சிருக்கேன்! அவிச்சுக் கொல்லப் பாக்குறீங்களா?"

"பொதுநலம்னா கொஞ்சம் வேகத்தான் வேணும்."

பக்கத்துக் கட்டடம் பொறாமையில் வாசல் கதவையே திறந்துவைத்தது. உடனே எங்களுடையதும் திறந்தது. குளிருக்குத் தப்பி ஃப்ளோரிடாவுக்குப் போகவேண்டிய பறவைகள் எங்கள் வாசலில் இறங்கின.

நீராவி மீட்டர் எகிறவே, மாநகராட்சி ஆள் நிஜமாகவே வந்தார். தலைவி புதுக் கோட்டில், புகைப்படக்காரரோடு காத்திருந்தார். வந்தவர் கதவில் பெரிய 'டி' எழுத்து ஒன்றை ஒட்டினார்.

"டி-ன்னா எத்தனாவது பரிசு?"

"எரிபொருள் சிக்கனத்துல கடைசி மதிப்பெண், மேடம். நீங்க வெளிய விடுற சூட்டுக்கெல்லாம் ஆலையில கூடுதலா எரியுது, புகை ஊருக்கே போகுது. மூணு மாசத்துல எல்லா வீட்டுக்கும் புது வால்வு மாட்டணும். உத்தரவு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க ஆபீஸ்ல எப்படி சார்?"

"அங்கயும் ஜன்னலைத் திறந்துவெச்சுத்தான் வேலை பாக்குறோம். ஆனா உத்தரவு போடுறதே நாங்கதானே?"

"அப்ப அந்த ஊக்குவிப்புத் துறை?" என்றார் தலைவி.

"அப்படி ஒரு துறையே கிடையாதே."

லாபியே தலைவியைப் பார்த்தது. அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"மைலோ, நீ என்னை மாதிரியே பேசிக் காட்டுவியாமே, லிஃப்ட்ல எல்லாரும் சிரிச்சாங்களாமே. வேற யார் யார் மாதிரியெல்லாம் பேசுவே, கண்ணு?"