கார்லண்ட் என்கிற திரையடியார்

சாமிக்கு அடியார்கள் உண்டு, தலைவர்களுக்கு அடியார்கள் உண்டு. திரைக்கும் அடியார்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? கான்சஸ் சமவெளியில், ஒற்றை ஓடுபாதையும் தகரக் கொட்டகையும் உள்ள எந்தச் சிற்றூர் விமானத் திடலுக்கும் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்; குறைந்தது ஒருவராவது அகப்படுவார். அடையாளம் சுலபம். வானத்தைப் பார்க்கமாட்டார். காற்று எப்படி என்று கேட்டால், மற்றவர்கள் கம்பத்தில் படபடக்கும் துணிக்குழாயை அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் பையைத் திறந்து, கைத்திரையை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "வடமேற்கு, பன்னிரண்டு" என்று அறிவிப்பார். அதற்குள் அவருடைய தொப்பி தென்கிழக்கே போயிருக்கும்.

பாசனக் குழாய் வியாபாரி கார்லண்ட் ஆஸ்ட்பெர்க் இந்த இனத்தில் நல்ல முற்றிய ரகம். போன வருடம் நாலு பேர் உட்காரும் விமானம் ஒன்று வாங்கினார். பழைய விமானங்களில் இருப்பதுபோல் அதில் வட்ட வட்டமாக முள்ளுக் கருவிகள் கிடையாது. முன்பலகை முழுக்க இரண்டு அகலத் திரைகள். அன்றுமுதல் அவர் வாயில் ஒரே மந்திரம்: "துல்லியம்." திடலில் எல்லோரும் தோசைபோல் சுட்ட அப்பத்தில் பாகு ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தால், அவர் துல்லியத்தை ஊற்றுவார். அவர் மனைவி, விமானம் வந்த மாதமே தனக்குத் தலைசுற்றல் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டவள் அவளுடைய தங்கை லெனோரா ஸ்விக்.

லெனோரா தன் கோதுமை நிலத்தைத் தானே உழுது, தானே அறுக்கிறவள். தூரத்து மாவட்டச் சந்தையில் பழ ஜாம் போட்டிக்கு அவளை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். சாலையில் போனால் நாலு மணி நேரம்.

"ஒன்றரை மணி நேரத்துல கொண்டு விடறேன். வெயில்ல ஏன் வண்டி ஓட்டிச் சாகிறே?" என்றார் கார்லண்ட். அவளும் ஒப்புக்கொண்டாள்.

முந்தின நாளே அவர் திடலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, தொட்டிகளை நிரப்பிவைக்கச் சொல்லியிருந்தார். சொன்னது யாரிடம்? பதிவு எந்திரத்திடம். எரிபொருள் ஊற்றுகிறவர் அன்று ஊரிலேயே இல்லை. ஏணியில் ஏறி, இறக்கையின் மேலுள்ள மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். கார்லண்டிடம் அந்த இரண்டு நிமிடம் இல்லை. திரைகளை ஒவ்வொன்றாக விழிக்கவைத்து, அவை கண் திறக்கும் அழகை மைத்துனிக்கு விளக்க மட்டும் இருபது நிமிடம் இருந்தது.

"எரிபொருள் எவ்வளவுன்னு திரை கேக்குது பாரு. 'நிறைஞ்சிருக்கு'ன்னு ஒரு தட்டு. அவ்வளவுதான். இனி ஒவ்வொரு துளியையும் அதுவே கணக்கு வச்சுக்கும். ஐம்பது கேலன்!"

எந்திரம் இருமி, உதறி, ஓடத் தொடங்கியது. ஐம்பது என்று திரை சொன்னது. தொட்டிகளில் இருந்தது பதிமூன்று.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. கீழே அறுவடை முடிந்த வயல்கள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. லெனோரா பார்த்தாள். கார்லண்ட் பார்க்கவில்லை; அதே வயல்கள் அவருடைய திரையில் இன்னும் பச்சையாக இருந்தன. அப்போதுதான் திரையின் ஓரத்தில் இரண்டு சின்னக் கோடுகள் சிவப்பை நோக்கி இறங்கியிருப்பது அவள் கண்ணில் பட்டது.

"கார்லண்ட், இது என்ன?"

"அது தொட்டிக்குள்ள கெடக்கற மிதவை காட்டறது. வெறும் தோராயம். இந்த எண்ணைப் பாரு: முப்பத்தெட்டு. இதுதான் துல்லியம்."

"என் டிராக்டர்ல மிதவை கீழ போனா, டீசல் இல்லைன்னு அர்த்தம்."

"இது டிராக்டர் இல்ல, லெனோரா."

மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை ஒன்று மின்னியது. அவர் ஒரு பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தார். "சென்சார் கோளாறு" என்றார். சிறிது நேரத்தில் எந்திரம் இரண்டு முறை விக்கி, நின்றுபோயிற்று. காற்றின் சீறல் மட்டும் கேட்டது.

கார்லண்ட் என்ன செய்தார் என்கிறீர்கள்? திரையின் திருகைத் திருகினார். பக்கத்துத் திடல் பதினொரு மைல் என்றது அது. அவ்வளவு தூரம் மிதந்து போக உயரம் போதாது. மறுபடி திருகினார். பதினொரு மைல்தான்.

"தலையத் தூக்குய்யா! அதோ, அறுத்த வயலு!"

"எங்க? திரையில காணமே!"

"ஜன்னல்ல இருக்கு!"

அவர் தலையைத் தூக்கினார். அவருக்கு நியாயம் செய்யவேண்டும்: இளவயதில் கற்ற கை மறக்கவில்லை. விமானம் வேலியைத் தாண்டி, தாளடியில் விழுந்து, துள்ளி, முன்சக்கரம் மடங்கி நின்றது. லெனோரா வாரை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள்.

வயலுக்குச் சொந்தக்காரர் எல்வுட் பிளாங்க் சரக்கு வண்டியில் வந்து சேர்ந்தார்.

"எந்திரக் கோளாறு" என்றார் கார்லண்ட்.

எல்வுட் இறக்கை மேல் ஏறி இரண்டு மூடிகளையும் திறந்து பார்த்தார். "எந்திரத்துக்கு ஒண்ணும் இல்லய்யா. பாவம், பட்டினி. ஒரு சொட்டு இல்ல."

"முப்பத்தேழு கேலன் இருக்கே! திரையப் பாருங்க!"

"திரைக்கு யாரு சொன்னா?"

கார்லண்ட் திரையைத் தட்டிய தன் விரலைப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

"அப்ப அதைக் கோவிச்சுக்காத. நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுது."

லெனோரா தன் பையை எடுத்துக்கொண்டு எல்வுட்டின் வண்டியில் ஏறினாள். சந்தையை அடைந்தபோது பாதி ஜாம் தீர்ப்பாகிவிட்டிருந்தது. மீதியை ஒரு புட்டி விடாமல், இரண்டிரண்டு கரண்டி தின்று பார்த்தாள். அன்றைக்கு எல்லாமே அவளுக்கு இனித்தது.

கார்லண்ட் திருந்தினாரா? அடுத்த சனிக்கிழமை, அப்பத்துக்கு முன்னால் அவர் சொன்ன கதையில், வானத்தில் எந்திரம் திடீரென்று துரோகம் செய்கிறது, மைத்துனி அலறுகிறாள், அவர் மட்டும் நிதானமாக வயலைத் தேர்ந்தெடுக்கிறார்.

"வயலைப் பாத்தது யாரு?" என்றாள் லெனோரா.

"நீ பயந்துபோயிருந்தே. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

மூன்றாவது திரைக்கு அவர் சொல்லிவைத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் விமானம் இல்லை, தெரியும். ஆனால் எடை பார்க்கும் எந்திரத்தின் முள்ளை இரண்டு கிலோ பின்னால் திருகிவைத்துவிட்டு, மறுவாரம் அதன்மேல் ஏறி நின்று, "இளைச்சுட்டேன் பாத்தியா?" என்று வீட்டையே கூப்பிட்டுக் காட்டியது யார்?