நாலு ஏக்கர் பத்து சென்டுக்கு எத்தனை குதிரை?

மயிலாப்பூர்,
செப்டம்பர் 14, ஞாயிறு

மரியாதைக்குரிய அத்திம்பேர் கபாலி அவர்களுக்கு,

வேம்புவின் நமஸ்காரம். இங்கே நானும் ரத்னாவும் சுகம். பெசன்ட் நகரில் அக்காவின் இடது முழங்காலும் உங்கள் இரத்த அழுத்தமும் போன வாரம் இருந்த அளவிலேயே இருக்கும் என்று நம்புகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்தான், இதை போனில் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் தணிக்கைத் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவர் நீங்கள், வாய்வார்த்தையை ஏற்பதில்லை. அக்கா காபி வேண்டுமா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்கிறீர்கள். "எழுத்துல குடு" என்றீர்கள். கொடுக்கிறேன்.

விஷயத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது முப்பத்தாறு வருட நிருபர் பழக்கம். இது இரண்டாவது பத்தி, மன்னிக்கவும். உத்திரமேரூருக்கு அப்பால் நீங்களும் நானும் சேர்ந்து வாங்கிய நாலு ஏக்கர் பத்து சென்ட் போன வருடம் உழாமல் கிடந்தது. வாடகை டிராக்டர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வைரவன் ஐப்பசி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைதான் வந்தது. இந்த வருடம் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். எந்த அளவு டிராக்டர், ஏன் அந்த அளவு என்று பதினைந்தாம் தேதிக்குள் காரணத்தோடு எழுதித் தராவிட்டால், பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு உங்கள் பாகத்தை மனை போடுகிற கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன் என்றீர்கள். உங்கள் பாகம் மனையானால் என் பாகம் நடுவில் அநாதையாக நிற்கும். அதில் ரத்னா நாற்பது மாங்கன்று நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். கோணலாக வளர்வதற்கு என் பெயர். உங்கள் பெயர் கொண்டது நேராகத்தான் இருக்கிறது, இன்னும் துளிர்க்கவில்லை.

ஆகவே விசாரணையில் இறங்கினேன். முதல் சாட்சி வீட்டிலேயே இருந்தாள். "ஏன்னா, நாலு ஏக்கர்னா அம்பது குதிரையா எடுத்துடுங்கோ" என்றாள் ரத்னா. அவளுடைய கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் தி.நகரில் பேரன் சுஹாஸுக்கு யூனிஃபார்ம் எடுக்கும்போது, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகவே எடுப்பாள். அவன் ஆறாம் வகுப்பில் போட்ட அரைக்கால் சட்டை எட்டாம் வகுப்பில்தான் அளவாக இருந்தது, அதற்குள் அது கிழிந்துவிட்டது. பிள்ளை வளருவான், நிலம் வளருமா என்று கேட்டேன். பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் வாங்க மாட்டோமா என்றாள். வாங்கிய நிலத்தையே விற்க ஒருவர் பெசன்ட் நகரில் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சாட்சியிடம் நிருபர் வாதாடக் கூடாது.

இரண்டாவதாக, செங்கல்பட்டில் டிராக்டர் விற்கிற கடைக்காரர்கள், உங்கள் இடத்துக்கே வந்து இலவசமாக ஓட்டிக் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். போனில் ஒரு படிவம். பெயர் கேட்டது, போட்டேன். முகவரி கேட்டது. இங்கே ஒரு பிழை நேர்ந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கேஸ் சிலிண்டருக்கும் மாத்திரைக்கும் மளிகைக்கும் இருபத்திரண்டு வருடமாக என்ன முகவரி கொடுக்கிறேனோ அதையே கொடுத்துவிட்டேன். போன சனிக்கிழமை, ஆறாம் தேதி, காலை ஏழு நாற்பதுக்கு, எங்கள் அடுக்குமாடி வாசலில், பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் பூட்டிய ஐம்பது குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று வந்து நின்றது. வண்ணம் சிவப்பு. ஓட்டி வந்தவர் பெயர் யாசிர், முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர். "அட்ரஸ் கரெக்ட்டா வந்துட்டேன் சார். நெலம் எங்க கீது?" என்றார். எண்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் எங்கள் பால்கனியில் இருந்த ஏழு பூந்தொட்டிகளையே பார்த்தார். "அப்ப இத்த உழவா நைனா, விடியக்காலம் கெளம்பி செங்கல்பட்டுலேர்ந்து ஓட்டிக்கினு வந்தேன்?" என்று கேட்டார்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றால் திருப்ப இடமில்லை. எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். டிராக்டருக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன், அதற்குப் பின்னால் கீரை வண்டி, தெரு முனையில் கேபிளுக்காகத் தோண்டிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி நின்றுபோன எங்கள் தண்ணீர் லாரி. வளாகத்துக்குள் விட்டுத் திருப்பலாம் என்று யாசிர் யோசனை சொன்னார். கேட்டுக்குள் முன்சக்கரம் நுழைந்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்வர்ணலதா அம்மாள் இறங்கி வந்து, தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஏறி நின்றுகொண்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்த மாட்டார். "இந்த மூடி மேல ஸ்கூட்டர்கூட நிக்கக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கு சார். டிராக்டருக்கு எழுத்துல அனுமதி வாங்கினீங்களா?" என்றார். உங்கள் நினைவு வந்தது. வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மூடிக்கும் டிராக்டரின் சக்கரத்துக்கும் இடையே நாலு அங்குலம், டேப்பால் அளந்தேன். அவர் இறங்குவதாக இல்லை, வண்டியை முன்னும் விட முடியாது பின்னும் எடுக்க முடியாது, வேன்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, மாடியில் ஒவ்வொரு பால்கனியிலும் ஆட்கள், நான் பனியனோடு நடுவில் நின்று எல்லோரையும் அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தேன், யார் காதிலும் விழவில்லை.

வழி கண்டுபிடித்தவள் ரத்னா. மூன்று நாளாகத் தொட்டியில் தண்ணீர் இல்லை, லாரியோ பள்ளத்தில் கிடக்கிறது, இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு சும்மா நிற்பானேன் என்று மேலேயிருந்து சொன்னாள். வேனும் கீரை வண்டியும் நடைபாதையில் ஏறி ஒதுங்கின. யாசிர் டிராக்டரைப் பின்னோக்கியே தெரு முனைவரை எடுத்து, சங்கிலி பூட்டி, ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீரோடு லாரியை ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். பால்கனிகளில் கைதட்டினார்கள். ஸ்வர்ணலதா அம்மாளும் மூடியிலிருந்து இறங்கினார், மூடியைத் திறந்தால்தானே தண்ணீர் விட முடியும். பிறகு நிலம் எவ்வளவு என்று விசாரித்தார். ஏக்கரில் சொன்னேன். கிரவுண்டில் சொல்லுங்கள் என்றார். எழுபத்து நாலரை கிரவுண்ட் என்றேன். எழுபத்து நாலரை கிரவுண்ட் என்பது மயிலாப்பூர்க்காரர்கள் காதில் எப்படி விழும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு தெருவே அவ்வளவு வராது. முதல் மாடிக்காரர் கும்பிடு போட்டார். ஐம்பது குதிரை போதாது, அறுபது எடுங்கள் என்று இரண்டாவது மாடியிலிருந்து குரல் வந்தது. ஆக ஐம்பதுக்குக் குறையக் கூடாது என்பதற்கு என்னிடம் பன்னிரண்டு சாட்சிகள் சேர்ந்தார்கள். அதில் பதினொருவர் வயலில் கால் வைத்ததில்லை.

வியாழக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். ஐம்பது குதிரை என்று சொன்னதும் வைரவன் தலையைச் சொறிந்துகொண்டார். "குதிரை கெடக்கட்டும் சார். வழி இன்னா அகலம்னு பாத்தியா?" என்றார். நம் நிலத்துக்குப் போகிற ஒரே வண்டிப்பாதை பக்கத்து நிலத்துக்காரர் மதிவாணன் வயல் ஓரமாகப் போகிறது. மனை போடுகிறவர்களின் செம்மண் லாரி உள்ளே வந்துவிடக் கூடாது என்று அவர் போன வருடம் அங்கே இரண்டு கல் தூண் நட்டிருக்கிறார். நடுவில் அளந்தேன். ஐந்து அடி எட்டு அங்குலம். யாசிரின் டிராக்டர் ஆறு அடி ஒரு அங்குலம். போன வருடம் வாடகை டிராக்டர் வராததற்கும் இதுதான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊரில் இருப்பதே ஒரு டிராக்டர், கிட்டத்தட்ட அதே அகலம். தூணைப் பார்த்துவிட்டு நம் நிலத்தை எல்லோருக்கும் கடைசியில் போட்டிருக்கிறார்கள். இதை ஏன் ஒரு வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்ப வரும் எப்ப வரும்னுதான கேட்டுக்கினு இருந்த? ஏன் வரலன்னு நீ கேக்கவே இல்லியே சார்" என்றார். முப்பத்தாறு வருடம் நிருபராக இருந்தேன், அத்திம்பேர். இதை எழுத்தில் தர எனக்குச் சிரமமாக இருக்கிறது.

வைரவன் மேலும் சொன்னவை: நம்முடையது களிமண், மழைக்குப் பிறகு இரண்டு டன் வண்டி இறங்கினால் அதை எடுக்க இன்னொரு வண்டி வேண்டும். மாங்கன்று வரிசைகளுக்கு நடுவே பெரிய வண்டி திரும்பினால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கன்று போகும். வரிசையில் முதலாவது உங்கள் பெயர் கொண்டது. நாலு ஏக்கரை உழ இருபத்தெட்டு குதிரை தாராளம். அந்த வண்டியின் அகலத்தையும் விசாரித்தேன், நாலு அடி மூன்று அங்குலம். தூணுக்கு நடுவே போகும், கன்றுக்கு நடுவே போகும், சேற்றிலும் சமாளிக்கும். ஆகவே என் எழுத்துப்பூர்வமான பரிந்துரை இருபத்தெட்டு குதிரைத்திறன். ரத்னா இதைப் படித்துவிட்டு, அடுத்த வருடம் பத்தாது என்று மட்டும் சொன்னாள்.

தாங்கள் இதை ஏற்று, கையெழுத்தை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். நாளைக் காலை நானே கொண்டுவந்து தருகிறேன். அக்காவை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்லவும். உங்கள் இருவரின் ஆசியும் எங்களுக்கும், நாற்பது கன்றுகளுக்கும், குறிப்பாகத் துளிர்க்காத ஒன்றுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் கீழ்ப்படிந்த,
வேம்பு

பி.கு. (மாலை 5.40): உறையை ஒட்டும் நேரத்தில் வைரவன் போன் செய்தார். நாம் டிராக்டர் வாங்குகிற செய்தி மதிவாணன் காதுக்குப் போயிருக்கிறது. இன்று மதியம் அவரே ஆள் வைத்து இரண்டு தூணையும் பிடுங்கிவிட்டார். நம் உழவு முடிந்ததும் அவருடைய ஆறு ஏக்கருக்கும் வண்டியைக் கொடுத்தால் போதுமாம், ஆனால் சின்ன வண்டி வேண்டாம், ஐம்பது குதிரையாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள் என்கிறாராம். களிமண்ணுக்கு மழைக்கு முன்பே இறங்கினால் போதும், கன்றுப் பக்கம் கையால் கொத்திக்கொள்ளலாம் என்று இப்போது வைரவனும் அவர் கட்சி. எனவே மேலே இருபத்தெட்டு என்று வருவதை ஐம்பது என்று திருத்திப் படிக்கவும், காரணங்களைப் படிக்க வேண்டாம். ரத்னா பாயசம் வைத்திருக்கிறாள். ஆனால் தூண் இல்லாத வழியில் செம்மண் லாரியும் வரும், அதனால் நம் வண்டி முதலில் போய் நிற்க வேண்டும் என்கிறாள். யாசிரிடம் சொல்லிவிட்டேன். பதினாறாம் தேதி காலை ஏழு மணிக்கு வண்டி வயலில் இருக்கும்.

பி.கு. 2 (மாலை 6.15): கடைக்காரர்களின் உறுதிச் செய்தி இப்போது போனில் வந்தது. பதினாறாம் தேதி, காலை ஏழு மணி, ஐம்பது குதிரைத்திறன், சிவப்பு. முகவரி: மயிலாப்பூர். பழைய படிவத்தில் இருந்ததை போன் தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறது. யாசிர் எடுக்கவில்லை, கடையும் இன்றும் நாளையும் விடுமுறை. ஆகவே அன்று ஆறரைக்கே இங்கே வந்துவிடவும். தொட்டி மூடிமேல் நிற்கப்போகிற ஸ்வர்ணலதா அம்மாளுக்கு எழுத்தில் பதில் கொடுக்க நம் குடும்பத்தில் உங்களை விட்டால் ஆளில்லை. அதன் பிறகு கையெழுத்துப் போடப் போக நேரமிருக்காது. டிராக்டர் மட்கார்டில் ஒருவர் தாராளமாக உட்காரலாம் என்று யாசிர் அன்றே சொன்னார். குடை எடுத்து வரவும், எண்பத்தைந்து கிலோமீட்டரும் வெயில்.